மான் தின்ற பஸ்

நவீன ஓவியத்துக்குள் நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடிதான் நுழைந்தேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்தெருவில், முன்பு மூட்டைகள் அடுக்கி வைத்த ஒரு பழைய கிட்டங்கியின் வாசலில் அந்தக் கதிரை கிடந்தது. கிட்டங்கிக்குள் சனிக்கிழமைகளில் ஓவிய வகுப்பு நடந்தது. உள்ளே என் மகள் படித்தாள். வெளியே நான் காவலிருந்தேன்.

டியூசன் வாசல்களில் பெற்றோர் காத்திருப்பது எங்கள் ஊரில் புதினமில்லை. ஆனால் அவர்கள் சின்னப் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பார்கள். என் மகளோ உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழக அனுமதிக்காக வீட்டில் இருந்த பெரிய பெண். அதற்கு முன் எல்லா இடமும் தனியாகப் போய் வந்தவள்தான். ஒருநாள் நிலாவெளியிலிருந்து அவள் வந்த பஸ், ஒரு மதகடியில் வீதியை விட்டிறங்கிச் சரிந்தது. யாருக்கும் உயிராபத்தில்லை. மகளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. தெரியாத இலக்கத்திலிருந்து தெரியாத ஒருவர் எடுத்து, "அம்மா, பயப்படாதேங்கோ" என்று கதையைத் தொடங்கினார். அன்றிலிருந்து போன் அடித்தால் எனக்குக் காதுக்கு முன்னால் வயிற்றில்தான் கேட்கிறது.

எலும்பு பொருந்திவிட்டது. கையில் போட்ட பிளாஸ்டர் கட்டையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் மகளைப் பஸ்ஸில் ஏற நான் விடவில்லை. பாலையூற்றிலிருந்து எங்கே போவதென்றாலும் என் ஸ்கூட்டியின் பின்னால்தான். இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. நான் ஒரு திணைக்களக் கந்தோரில் படவரைஞர். வாய்க்கால்கள், வீதிகள், மதகுகள் ஆகியவற்றின் பிளான்களைக் கீறுவதுதான் என் தொழில். பஸ் சரிந்த பிறகு கந்தோரில் ஒரு மதகைக் கீறத் தொடங்கினாலே பென்சில் முனை உடைந்துவிடும்.

ஓவியம் படிப்பித்தவர் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர். எல்லோருக்கும் "சேர்". ஒரு சனிக்கிழமை அவர் வாசலுக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"அக்கா, உள்ளுக்கு வாங்க."

"ஏன் சேர், பிள்ளைக்கு என்ன?" நான் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"பிள்ளைக்கு ஒண்டுமில்ல. வகுப்பிலிருந்து ஒரு ஆள் நிண்டுட்டார். ஆள் குறைஞ்சா வகுப்ப மூடச் சொல்லியிருக்காங்க. நீங்க எப்படியும் இஞ்சதானே இருக்கிறீங்க? உள்ளுக்க இருங்களன்."

"எனக்குப் படம் கீறத் தெரியாது சேர். பிளான்தான் கீறுவன்."

"அது காணும், அதுவே போதும்."

உள்ளே வந்த என்னைப் பார்த்து மகள் தலையில் கை வைத்தாள். பக்கத்தில் போய் இருந்ததும் குனிந்து, "அம்மா, கையெடுத்துக் கும்பிடுறன். வகுப்புக்குள்ள என்னை மகள், மகள் எண்டு கூப்பிடாதேங்கோ" என்றாள்.

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"கூப்பிடவே வேண்டாம்."

நவீன ஓவிய இயக்கங்களைப் புத்தகத்தில் படிப்பதில்லை, ஒவ்வொன்றையும் கையால் செய்து பார்ப்பதுதான் சேரின் முறை. முதலில் மனப்பதிவுவாதம். எங்களைத் துறைமுகக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், "கடலைக் கீறாதீங்க, கடல்ல விழுற வெளிச்சத்தக் கீறுங்க" என்றார். நான் பையைத் திறந்து அடிமட்டத்தை எடுத்து, முதல் வேலையாக அடிவானத்துக்கு ஒரு கோடு போட்டேன். நல்ல கோடு. கந்தோரில் என்றால் கையெழுத்திட்டு அனுப்பியிருப்பார்கள். சேர் குனிந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அடிமட்டம் அவருடைய மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போய்விட்டது.

அடிமட்டம் இல்லாமல் நான் கடலோடு தனியே விடப்பட்டேன். நீலத்தைக் குழைத்து முடிக்கும்போது கடல் பச்சையாகிவிட்டது. பச்சையைக் குழைத்தால் மூதூர்ப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து சாம்பலாக்கிவிட்டது. "சேர், இது ஒரு இடத்தில நிக்குதில்லையே!" என்று நான் முறைப்பாடு செய்ய, "அதத்தான் அக்கா கீறச் சொன்னனான்" என்றார். கடைசியில் கையில் அகப்பட்ட நிறத்தையெல்லாம் அப்பத் தொடங்கினேன். வலைக்கூடையோடு போன ஒருவர் நின்று பார்த்தார்.

"இது எங்கட கடலோ?"

"ஓம்."

"அப்ப ஏன் ஊதா?"

"ஊதாவாத்தானே இருக்கு, பாருங்கோ."

அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம் என்ன!" என்றார், யாரோ தன்னை இவ்வளவு காலம் ஏமாற்றிவிட்டது போல. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டியில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்த மகள், "ஓட்டிறதைப் பாத்து ஓட்டுங்கோ" என்றாள். இதை அவள் எனக்குச் சொன்னாள் என்பதைக் கவனிக்கவும்.

அடுத்ததாக, உள்ள நிறத்தை விட்டுவிட்டு மனதுக்குத் தோன்றிய நிறத்தில் முகம் கீறும் வேலை. நான் மகளின் முகத்தைப் பச்சையில் கீறினேன். அவள் என்னைத் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில், காதில் போனோடு கீறினாள். போன் மட்டும் அச்சாக அதன் சொந்த நிறத்தில் இருந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் அவள் நித்திரையான பிறகு அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

அந்தக் கிழமைதான் வேலைக் கதை வந்தது. நிலாவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதி. அதன் நீளமான மதில் முழுக்கப் படம் கீறித்தர ஆள் வேண்டுமாம். வகுப்புச் சிநேகிதி ஒருத்தி மகளின் படங்களைக் காட்ட, உரிமையாளருக்குப் பிடித்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் தொடங்க வேண்டும். தினமும் போய்வர வேண்டும். நிலாவெளிக்குப் போவது புல்மோட்டை பஸ். அதே கடற்கரை வீதி, அதே மதகு.

குசினியில் நின்று கதைத்தோம்.

"ஏலாது" என்றேன்.

"அம்மா, அப்பா ஒவ்வொரு கிழமையும் அதே பஸ்ஸிலதானே போறார்?"

என் கணவருக்குப் புல்மோட்டையில் மணல் தொழிற்சாலையில் வேலை. கிழமை முடிவில்தான் வருவார். அவரைப் பற்றி நான் ஒருநாளும் பயந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா விழுந்தா எழும்பிடுவார்."

"நானும் எழும்பினனான்தானே? பஸ்ஸுக்குள்ள இருந்து நானே ஏறி வெளியால வந்தனான். நீங்கள்தான் இன்னும் உள்ளுக்க இருக்கிறீங்கள்."

"வகுப்பு முடியட்டும், பாப்பம்" என்றேன்.

"பாப்பம் எண்டு நீங்கள் சொன்ன ஒண்டும் இதுவரை நடந்ததில்லை" என்று சொல்லிவிட்டு அவள் தேங்காயைத் துருவினாள். கட்டு வெட்டிய கையால்தான் துருவினாள். அதையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கனவடிவவாதம், அதாவது கியூபிசம், வந்தது. ஒரு பொருளை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பார்ப்பது போல ஒரே தாளில் காட்ட வேண்டும் என்று சேர் விளக்கினார். எல்லோரும் விழித்தார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"சேர், மேலிருந்து ஒண்டு, முன்னாலிருந்து ஒண்டு, பக்கத்திலிருந்து ஒண்டு. இதைத்தானே இவ்வளவு காலமும் கந்தோரில செய்யிறன்! நாங்கள் பக்கத்தில பக்கத்தில கீறுறம், இவங்கள் ஒண்டுக்கு மேல ஒண்டு கீறியிருக்கிறாங்கள். அவ்வளவுதான்."

"அப்ப உங்கட கந்தோருக்கு ஒரு நாளைக்கு வகுப்பக் கூட்டிட்டு வாறன்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அந்த வயதில் நான் முதல் தடவையாக ஒரு வகுப்பில் கெட்டிக்காரியாக இருந்தேன். பொருளைப் பற்றி யோசிக்கவே இல்லை, கை தானாகப் பஸ்ஸைத் தொடங்கிவிட்டது. கிழமை முழுக்க வேலை. பழைய பேப்பரை வெட்டி ஒட்டினேன். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை எடுத்தேன். வீதிக்குக் கறுப்பு மணல் வேண்டியிருந்தது. கணவரின் சப்பாத்துக்குள்ளிருந்து புல்மோட்டைக் கறுப்பு மணல் எப்போதும் கொட்டும். அவரை வாசலில் நிறுத்திச் சப்பாத்துகளைக் கவிழ்த்துத் தட்டினேன். "முந்தி நான் வந்தா தேத்தண்ணி தருவாய்" என்றார் அவர்.

முன் சில்லு, முன் கண்ணாடி, சாரதியின் இருக்கை, பிறேக் மிதி, கழன்ற கதவு என்று எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. பின்னால், யன்னலோரம், மகள் அன்று போட்டிருந்த சிவப்புச் சால்வையிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒட்டினேன். மகள் வந்து பார்த்தாள்.

"அம்மா, இது படமில்லை. வழக்கு. கொண்டுபோய் நீதவானுக்கு முன்னால வைக்கலாம்."

சனிக்கிழமை அதைக் கிட்டங்கிக்குக் கொண்டுபோனேன். பசை இன்னும் ஈரமாக இருந்தது. வெயிலில் காயட்டும் என்று பின்முற்றத்தில் மதிலோடு சாய்த்துவிட்டு உள்ளே வந்தோம். இந்த ஊரில் பிறந்த எவரும் செய்யக்கூடாத பிழை அது. திருகோணமலையில் மான்கள் மாடுகளைப் போல வீதியில் திரியும். பஸ் நிலையத்தில் நிற்கும், சந்தைக் கழிவில் மேயும், வாழைப்பழத் தோலுக்காக ஆட்களின் பின்னால் போகும். மாப்பசை பூசிய பேப்பரை அவற்றின் முன்னால் வைப்பதும் இலை போட்டுச் சோறு வைப்பதும் ஒன்றுதான்.

"அம்மா!" என்று மகள் கத்தினாள். வகுப்புக்குள்ளே, எல்லோருக்கும் கேட்க. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு புள்ளிமான், நல்ல வளர்ந்த கொம்பு மான், என் பஸ்ஸை மென்றுகொண்டிருந்தது. முன் சில்லு போய்விட்டது. கண்ணாடி போய்விட்டது. சாரதியின் இருக்கை அதன் வாயிலிருந்து தொங்கியது. நான் "சூ, சூ" என்று கையை வீச, அது ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு பிறேக்கையும் தின்றது.

"விடுங்க அக்கா, விடுங்க, அது விமர்சனம் செய்யுது!" என்றார் சேர். அவருக்குச் சிரிப்பில் கதைக்க முடியவில்லை. மகள் மதிலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. எனக்கும் தொற்றிவிட்டது. ஒரு கிழமை வேலை மானின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம்.

மான் போன பிறகு மிச்சத்தை எடுத்துப் பார்த்தோம். பஸ்ஸின் முன்பாதி இல்லை. ஓரமெல்லாம் பல் அடையாளம். சிவப்புத் துணியை மட்டும் அது நக்கிப் பார்த்துவிட்டு விட்டிருந்தது. நான் புதிதாகச் செய்வதாகச் சொன்னேன். சேர் சம்மதிக்கவில்லை. "இதுக்கு மேல கை வைக்காதீங்க. இப்பதான் நல்லாருக்கு" என்று உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

அதற்கடுத்தது எனக்கு விளங்கவே விளங்காத டாடா இயக்கம். வீட்டிலிருந்து ஒரு சாமானைக் கொண்டுவந்து, அதை ஒன்றும் செய்யாமல் முக்காலியில் வைத்து, ஒரு பெயர் எழுதி ஒட்ட வேண்டும். இதில் என்ன படிப்பு என்று நான் கேட்டேன். "பேர் வைக்கிறதுதான் படிப்பு" என்றார் சேர். நான் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து வைத்து, 'பாதுகாப்பு' என்று எழுதினேன். எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் சேரே மறந்துபோய் அதில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

மகள் ஒரு பொலித்தீன் பையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய பிளாஸ்டர் கட்டு. வைத்தியசாலையில் வெட்டிய அன்று எறிய மனமில்லாமல் நான் கேட்டு வாங்கி, என் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அதை முக்காலியில் வைத்து அவள் எழுதி ஒட்டிய பெயர்: 'அம்மா'.

யாரும் கை தட்டவில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. சேர் யன்னலைத் திறக்கப் போனார், அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் சந்தி விளக்கில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பிக் கேட்டேன்.

"நான் பிளாஸ்டரோ?"

"அது நல்ல சாமான் அம்மா. அது இல்லாட்டி என்ர கை கோணலாப் பொருந்தியிருக்கும்."

"பிறகு?"

"பிறகு வேர்த்துக் கடிக்கும். உள்ளுக்க அடிமட்டத்தை விட்டுச் சொறியவேணும்."

நான் அழத்தான் நினைத்தேன். தலைக்கவசத்துக்குள் வந்தது சிரிப்பு. பச்சை விளக்கு விழுந்து, பின்னாலிருந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கும்வரை அப்படியே நின்றோம். அந்தப் பெயரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி வகுப்பு வர்ணம் எறிவது. தூரிகை படத்தைத் தொடக்கூடாது. நின்று, நடந்து, வீசி, சிந்தி, உடம்பாலேயே கீற வேண்டும். கிட்டங்கியின் நிலத்தில் பெரிய கன்வஸ் சீலையை விரித்துவிட்டு, சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னார் சேர். நான் போனைப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். முதலில் ஒரு கரண்டியால், குழம்பு பரிமாறுவது போல, கொஞ்சம் நீலத்தை ஊற்றினேன். சேர் தலையை ஆட்டினார். "வீசுங்க அக்கா. கல்யாண வீட்டுப் பந்தியில்ல இது."

வீசினேன். நீலம் காற்றில் ஒரு வளைவாக எழும்பி, நான் நினைக்காத இடத்தில் விழுந்தது. கையை விட்டுப் போன பிறகு அதை ஒன்றும் செய்ய ஏலாது, அடுத்ததை எறியத்தான் முடியும். மஞ்சளை எறிந்தேன். சிவப்பை எறிந்தேன். யாரோ பாட்டுப் போட்டார்கள். நான் சீலையைச் சுற்றி ஓடினேன், முழங்கால் நோவை மறந்து ஓடினேன். சேரின் வெள்ளைச் சேட்டில் ஒரு பச்சைக் கோடு விழ, அவர் "அல்லாஹ்!" என்று பின்னால் பாய்ந்தார். இடையில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வாளியின் மஞ்சளைத் திரும்ப எறிந்தேன்.

முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, படத்தை மகளுக்குக் காட்டத் திரும்பினேன். மகள் இல்லை.

"சேர், பிள்ளை எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நிலாவெளிக்குப் போயிட்டாவே, மதில் பாக்க. உங்களிட்ட கேட்டுத்தானே போனா?"

"என்னட்டையோ?"

"நீங்க ஓம் எண்டீங்க. கையில மஞ்சள் வாளி வச்சிருந்தீங்க" என்றார் சேர். வகுப்பு முழுக்கத் தலையாட்டிச் சாட்சி சொன்னது.

முழங்கால் நோவு உடனே திரும்பி வந்தது. 'பாதுகாப்பு' என்று எழுதிய கதிரையில் போய் விழுந்தேன். நீல விரல்களால் போனை எடுத்து அழுத்தினேன்.

"அம்மா! மதில் நல்ல நீளம்!"

"எதில போனனீ?"

"புல்மோட்டை பஸ்ஸில."

"எங்க இருந்தனீ?"

"யன்னல் பக்கம்."

"மதகு?"

"மதகு அங்கேயேதான் இருக்கு. அதுக்கு மேல ஆடு படுத்திருக்கு. அம்மா, நீங்கள் எறிஞ்ச மஞ்சள் அச்சா. நான் வாசலில நிண்டு பாத்திட்டுத்தான் போனனான்."

அவள் வாசலில் நின்றிருக்கிறாள். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு நடந்தே போனேன். ஸ்கூட்டிப் பிடி இந்தப் பெயின்ற் கையில் வழுக்கும். கந்தோரில் கூட வேலை செய்யும் ஒருவர் மரக்கறிப் பையோடு எதிரே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறீங்களோ?"

"இல்லை, படிக்கிறன்" என்றேன்.

பஸ் வந்தது. முன்பாதி, பின்பாதி, நான்கு பக்கமும் முழுதாக வந்தது. மகள் இறங்கி, "உங்கட மூக்கில மஞ்சள்" என்றாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு விட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். இரவில் இன்னும் எனக்கு அந்தத் தெரியாத குரல் கேட்கிறது. போய்ச் சேர்ந்ததும் ஒரு தகவல் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். வந்ததும் அதைக் கந்தோரில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

கணவர் ஒரு கிழமை முடிவில் வந்து சொன்னார்: "பஸ்ஸால வரேக்க மதிலைப் பாத்தனான். நீ போய்ப் பார்." அதற்கு நானும் அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தது. விபத்துக்குப் பிறகு நானும் ஏறவில்லை என்பதை வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை. முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, ரிக்கற் எடுக்கிறதெண்டா ஒரு கையையாவது விடவேணும்" என்றார் நடத்துநர். விட்டேன். மதகு வந்தது. சின்ன மதகு. மேலே ஆடு படுத்திருந்தது. கந்தோரில் நான் இப்படி எத்தனையோ கீறியிருக்கிறேன்.

மதில் முழுக்க ஒரு மான். கொம்பு மதிலின் உச்சிவரை போயிருந்தது. அதன் வாயில் ஒரு சிவப்புப் பஸ், முன்பாதி உள்ளே, பின்பாதி வெளியே. யன்னலில் ஒரு தோடம்பழ நிற முகம், காதில் போன். விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் இருவர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். "அம்மா, நல்ல நேரம் வந்தனீங்கள். பின் சில்லு மிச்சம். வட்டம் போட வருகுதில்லை. பின்னேரமானா எனக்குக் கை ஆடுது."

"கவராயம் இருக்கோ?"

"இவ்வளவு பெரிய வட்டத்துக்கு எங்க கவராயம்? சும்மா கையாலப் போடுங்கோ."

தூரிகையை வாங்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சுற்றாகச் சுற்றினேன். தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல் கொஞ்சம் கீழே போய் முட்டியது. முட்டை மாதிரி ஒரு சில்லு.

மகள் பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"காணும் அம்மா," என்றாள். "ஓடும்."